ஆக்ஸ்-லே-தெர்ம்: புதுச்சேரியிலிருந்து முதல் தடவை பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு

பிரான்சில் சித்தப்பாவோ பெரியம்மா மகனோ இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு அழைப்பு வரும்: "வந்தா ஒரு வாரம் ஸ்கீக்குப் போயிட்டு வரலாம்." பனியையே பார்க்காதவர் எந்த மலைக்குப் போவது என்று கேட்டால், ஆல்ப்ஸின் பெரிய பெயர்களை விட்டுவிட்டு பிரெனே மலையில் ஸ்பெயின், அந்தோரா எல்லைப் பக்கம் இருக்கும் ஆக்ஸ்-லே-தெர்மைச் சொல்லலாம். ஊர் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சறுக்குமிடங்கள் 1400 முதல் 2400 மீட்டர் வரை. ஊருக்குள்ளேயே ரயில் நிலையம், ஊருக்குள்ளிருந்தே மலைக்கு ஏறும் கேபிள் கார், தெருவிலேயே கந்தக வெந்நீர் ஊற்று. ஸ்கீ பிடிக்கவில்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டாலும் பணம் முழுக்க வீணாகாது. குடும்பத்தில் ஸ்கீ செய்யாத அம்மாவுக்கும் மாமனாருக்கும் பொழுது போகும் ஊர்.

தேதி

சீசன் பொதுவாக டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை. பிரான்சில் பிப்ரவரி-மார்ச் பள்ளி விடுமுறையை ஏ, பி, சி என மூன்று மண்டலமாகப் பிரித்து விடுவார்கள். பாரீசும் ஆக்ஸுக்குப் பக்கத்துப் பெருநகரமான துலூஸும் இரண்டுமே சி மண்டலம். ஆக்ஸ் துலூஸ்காரர்களின் மலை. ஆகவே சி மண்டல விடுமுறை இரண்டு வாரமும் வரிசையில் நின்றே கால் கடுக்கும், வாடகையும் எகிறும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த ஜனவரி நடுப்பகுதிதான் முதல் தடவை போகிறவருக்கு நல்ல காலம்: கூட்டமில்லை, வாடகை குறைவு, பனியும் பெரும்பாலும் இருக்கும். உறவுக்காரர் பிள்ளைகளுக்கு லீவு விட்டால்தான் உண்டு என்றால் வேறு வழியில்லை, நாலு மாதம் முன்பே அறை போடுங்கள். விடுமுறைக் காலத்தில் பல வீடுகளை சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை மட்டுமே தருவார்கள். நாலு ராத்திரிக்குக் குறைவாகப் போகாதீர்கள். முதல் நாள் பூட்ஸ் பொருத்துவதிலும் விழுவதிலும் போய்விடும், மூன்றாம் நாள்தான் உடம்பு ஒத்துழைக்கும்.

விசாவும் காப்பீடும்

பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர்கள் இந்தப் பகுதியில் காப்பீட்டை மட்டும் படித்தால் போதும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் குறுகியகால ஷெங்கன் விசா, பிரான்சு உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. விண்ணப்பத்தைப் புதுச்சேரியிலேயே விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். உறவுக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற வரவேற்புச் சான்று வாங்க வேண்டும், முத்திரைக் கட்டணம் 30 யூரோ. அது கைக்கு வரச் சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆகும், அசல் இங்கே கூரியரில் வந்து சேர வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைத் தொடங்கச் சொல்லுங்கள். அந்தச் சான்று அவர் வீட்டு ராத்திரிகளுக்கு மட்டும்தான். ஆக்ஸில் தங்கும் ராத்திரிகளுக்கு அறை முன்பதிவைத் தனியாக இணைக்க வேண்டும். இரண்டுக்கும் தேதிகள் ஒட்டி வர வேண்டும், நடுவில் ஒரு ராத்திரி விடுபட்டாலும் கேள்வி வரும்.

விசாவில் ஒரு பொறி உண்டு. ஆக்ஸிலிருந்து மலைப்பாதையில் கொஞ்ச தூரம் போனால் அந்தோரா நாடு. வாசனைத் திரவியமும் சிகரெட்டும் மலிவு என்று எல்லாரும் காரில் ஒரு எட்டு போய்வருவார்கள். அந்தோரா ஷெங்கன் பகுதியில் இல்லை. ஒற்றை நுழைவு விசாவில் இருப்பவர் அங்கே போனால் அந்த விசா முடிந்தது, பிரான்சுக்குத் திரும்ப அனுமதி இல்லை. உறவுக்காரர் பிரெஞ்சுக்காரர், அவருக்கு இது தோன்றவே தோன்றாது. போகும் எண்ணம் இருந்தால் பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் 'விண்டர் ஸ்போர்ட்ஸ்' விலக்குப் பட்டியலில் இருக்கும். பாலிசி காகிதத்தில் அந்த வரியைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் சேர்த்து எடுங்கள். பிரான்சில் சறுக்குப் பாதையில் அடிபட்டு ஸ்லெட்ஜில் இறக்கினால் அதற்கு பில் வரும், உறவுக்காரரின் கார்த் விதாலும் (அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை) அதைக் கட்டாது. மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்குப் பாஸ் வாங்கும் இடத்திலேயே நாளுக்குச் சில யூரோவில் மீட்புக் காப்பீடு விற்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும் சிக்கனம் தேவையில்லாதது.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்

ஸ்கீ என்பது ஏறுகிற வேலை இல்லை, முழங்காலை மடக்கிய நிலையில் நின்று தாங்குகிற வேலை. தொடை முன்பக்கம்தான் முதலில் செத்துப்போகும். கடற்கரைச் சாலையில் நடப்பது மூச்சுக்கு நல்லது, தொடைக்குப் போதாது. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவதுபோல் இருந்து பாருங்கள்: 30 வினாடி, மூன்று தடவை. ஆறு வாரத்தில் 90 வினாடிக்குக் கொண்டு வாருங்கள். முடிந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறி இறங்குங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அதை விடுங்கள். இறங்கும்போது முழங்காலுக்கு மேலே நடுங்குகிற அந்தத் தசைதான் அங்கே வேலை செய்யப் போகிறது.

துணியில் ஒரே விதி: உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. பனியனும் ஜீன்ஸும் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், லிஃப்டில் உட்காரும் பத்து நிமிடத்தில் அந்த ஈரம் ஐஸாய்க் குத்தும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். வெளிச்சட்டையை உறவுக்காரர்களிடம் இரவல் வாங்கலாம், கடையிலும் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே போடுவதும் கையுறையும் சாக்ஸும் சொந்தமாக இருக்கட்டும். நம்ம ஊர் குரங்குக் குல்லா தெருவில் நடக்க அருமை, ஹெல்மெட்டுக்குள் போட்டால் ஹெல்மெட் தலையில் பிடிக்காது. கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். வெயிலில் பிறந்து வளர்ந்தோம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். புதுப் பனி மேலே விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அது கீழேயிருந்து மூக்குத் துவாரத்திலும் உதட்டிலும் தாடைக்கு அடியிலும் சுடும்.

பெட்டியில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகி பாட்டிலை விட்டு வராது. சாப்பாட்டில் நெய், பால்கோவா, கறி வகை எதுவும் ஐரோப்பிய எல்லைக்குள் அனுமதி இல்லை. கறிவேப்பிலைக் கொத்துக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகக் கொண்டு போகலாம். அடுப்பு உள்ள அறையாகப் பாருங்கள். மலை ஊர்ச் சாப்பாட்டில் பாலாடைக்கட்டியும் பன்றிக்கறியும்தான் அதிகம்.

போய்ச் சேருவது

பாரீசிலிருந்து என்றால் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் லாத்தூர்-தெ-கரோல் போகும் இரவு ரயில் ஏறுங்கள், காலையில் ஆக்ஸிலேயே இறக்கிவிடும். இரண்டாம் வகுப்பில் ஒரு அறைக்கு ஆறு படுக்கை. நம்ம ஸ்லீப்பர் மாதிரிதான், டீ விற்க மட்டும் யாரும் வர மாட்டார்கள், தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு போங்கள். பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும் வாரங்களில் இந்த ரயிலை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள் அல்லது ஓட்டவே மாட்டார்கள். அறை போடும் முன் ரயில் ஓடுகிறதா பாருங்கள். துலூஸின் மத்தபியோ நிலையத்திலிருந்து பகல் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்.

காரில் போனால், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப் பகுதிகளில் குளிர்கால டயர் நாலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிக்கியில் சங்கிலி இருக்க வேண்டும். பாரீஸ் புறநகரில் ஓட்டுகிற சித்தப்பா காரில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். துலூஸ் பக்கமிருந்து வருகிற என்20 சாலைதான் அந்தோராவுக்கும் வழி. சனிக்கிழமை காலையில் அதில் மாட்டினால் ஊர்ந்துதான் போக வேண்டும்.

பூட்ஸ்

முதல் தடவை போய்விட்டு "ஸ்கீ நமக்கு ஒத்துவராது" என்று திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துவராதது பூட்ஸ்தான். காலில் மாட்டும் சறுக்குப் பலகை எதுவானாலும் பரவாயில்லை, பூட்ஸ் பொருந்தவில்லை என்றால் அந்த வாரம் போயிற்று. ஆகவே வாடகைக் கடைக்கு மலையேறும் காலையில் அவசரமாகப் போகாதீர்கள். வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே போங்கள், அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீ பூட்ஸின் அளவு சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று கட்டைவிரல் நுனி வரை அளந்தால் வருவது உங்கள் அளவு, 26.3 வந்தால் 26.5 பூட்ஸ். கடைக்காரர் ஐரோப்பிய எண் கேட்டு அதிலிருந்து ஊகிப்பார். நாற்பது வருஷம் செருப்பும் வெறுங்காலுமாக நடந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். அவர்கள் தருகிற ஒடுக்கமான பூட்ஸ் விரல் மூட்டில் அழுத்தும், உடனே ஒரு அளவு பெரிசு கேட்போம். அங்கேதான் தப்பு. பெரிய அளவில் குதிகால் உள்ளே தூக்கி விளையாடும், திரும்ப நினைக்கும்போது கால் திரும்பும், பலகை திரும்பாது. நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலமான வார்ப்பு கேளுங்கள்: 'லார்ழ்', 102 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல்.

போடும் முறை: முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று. குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் இன்னும் சில்லிடும். உள் பேன்ட்டின் ஓரம் பூட்ஸுக்குள் போகவே கூடாது. அந்த ஒரு மடிப்பு மத்தியானத்துக்குள் முன்னங்கால் எலும்பில் தோலை உரித்துவிடும். காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். மேல் பக்கிளை முதலில் லேசாகப் போடுங்கள். முழங்காலை முன்னால் பலமாக நாலைந்து தரம் அழுத்துங்கள், குதிகால் இன்னும் பின்னால் இறங்கும். இப்போது மேல் இரண்டையும் ஒரு பல் கூட்டி இறுக்குங்கள். கீழே விரல் மேல் இருக்கும் இரண்டும் பிடித்தால் போதும், இறுக்க வேண்டாம். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் உரசல் விலக வேண்டும். அப்படி இருந்தால் சரி. பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். மறுநாள் வலித்தால் கடையில் மாற்றித் தருவார்கள், கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

பலகை உங்கள் தாடை உயரம் இருந்தால் போதும். கடைப் படிவத்தில் 'தாய்' உயரம், 'புவா' எடை, 'புவேந்த்யூர்' செருப்பு அளவு. எடையை உள்ளபடி எழுதுங்கள். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பைண்டிங்கை அந்த எண்ணை வைத்துத்தான் முடுக்குகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் திருப்பத்தில் காரணமில்லாமல் கழன்றுகொள்ளும். 'தெபுத்தான்' (ஆரம்பநிலை) என்று எழுத வெட்கப்பட்டு ஒரு நிலை கூட்டிக் குறித்தால், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் தசைநாரைத் திருகும். இரண்டாவதுதான் ஆபத்து.

மலையில் முதல் நாள்

லிஃப்ட் பாஸை 'ஃபோர்ஃபே' என்பார்கள். இடதுபக்க ஜாக்கெட் பையில் தனியாக வையுங்கள், வாசலைக் கடக்கும்போது தானே படித்துக்கொள்ளும். அதே பையில் போனோ சாவியோ இருந்தால் கதவு திறக்காது, பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். முதல் நாளுக்கு முழு மலைக்கான பாஸ் வேண்டாம், ஆரம்பநிலை பாஸ் இருக்கிறதா கேளுங்கள். ஊரிலிருந்து கேபிள் காரில் 1400 மீட்டரில் இருக்கும் பொனாஸ்க்ருக்கு ஏறலாம்.

சிவப்புச் சட்டை போட்ட ஈஎஸ்எஃப் (பிரெஞ்சு ஸ்கீ பள்ளி) ஆசிரியரிடம் குறைந்தது மூன்று காலை வகுப்பு எடுங்கள். மச்சான் கற்றுத்தருகிறேன் என்பார், கேட்காதீர்கள். அவருக்கு ஸ்கீ செய்யத் தெரியும், சொல்லித்தரத் தெரியாது. பதினோரு மணிக்கு உங்களைச் சரிவில் நிறுத்திவிட்டு ஒரு சுற்று போய்வருவார்.

பலகையில் ஏறும்முன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைக் கோலால் தட்டியெடுங்கள். ஒரு விரல் கனப் பனி அங்கே இருந்தாலும் பைண்டிங் பூட்டாது, அல்லது பூட்டியதுபோல் தோன்றிப் பாதி வழியில் கழலும். விரல் பக்கத்தை முதலில் நுழைத்துக் குதிகாலை மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டுப் பின் நெம்புகோல் மேலே எழும்ப வேண்டும். சரிவில் நின்று மாட்டுவதானால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கீழ்ப்பக்கப் பலகையை முதலில் மாட்டுங்கள்.

முதலில் கற்றுத்தருவது 'ஷாஸ்-நேழ்': பலகைகளின் முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் விரிந்து, கோலத்தில் போடும் முக்கோணம் மாதிரி. அகட்டினால் நிற்கும், ஒடுக்கினால் ஓடும், வலது காலில் பாரம் போட்டால் இடப்பக்கம் திரும்பும். பயம் வந்தால் எல்லாரும் பின்னால் சாய்வார்கள். பின்னால் சாய்ந்தால் பாரம் முன்முனையை விட்டுப் போகும், பலகை சொன்ன பேச்சு கேட்காது, வேகம் கூடும். பயந்தால் முன்னங்கால் எலும்பை பூட்ஸின் முன்நாக்கில் அழுத்த வேண்டும். இதை உடம்பு நம்புவதற்கு இரண்டு நாள் ஆகும். நிற்க முடியவில்லை என்றால் பக்கவாட்டில், இடுப்பின் மேல் விழுங்கள். எழும்போது பலகைகளை உடம்புக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்த பிறகே எழுங்கள். பலகை கீழ்நோக்கி இருக்க எழுந்தால் எழுந்த கையோடு ஓடும்.

'தெலெஸ்கி' என்ற இழுவைக் கம்பியில் உட்காரக் கூடாது. தட்டு தொடைக்கு நடுவே இழுக்கும், நின்றபடியே போக வேண்டும். உட்கார்ந்தால் கம்பி நீளும், பனியில் உட்காருவீர்கள்.

பாதைகளுக்கு நிறம் உண்டு: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. முதல் வாரத்துக்குப் பச்சையும் கடைசியில் ஒரு நீலமும் போதும். மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு வழி விட வேண்டும், இதுதான் மலையின் சட்டம். ஓரங்களில் நடப்பட்ட கம்பங்களில் பாதையின் பெயரும் எண்ணும் இருக்கும், கீழே இறங்க இறங்க எண் குறையும். இறங்குகிற திசையில் வலப்பக்கக் கம்பங்களின் தலை ஆரஞ்சு நிறம். மூடுபனியில் ஓரம் தெரியாதபோது இதுதான் துணை. அடிபட்டால் 112 அழைத்துப் பாதைப் பெயரையும் பக்கத்துக் கம்பத்து எண்ணையும் சொல்லுங்கள், மேல்பக்கம் இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறிபோல் நட்டு வையுங்கள்.

மூன்றரை மணிக்கு மேல் "கடைசியா ஒரு தடவை" என்று ஏறாதீர்கள். தொடை தளர்ந்திருக்கும், பனி இறுகியிருக்கும்.

வெந்நீர்

இறங்கியதும் ஊர் நடுவில் 'பசேன் தே லாத்ர்' என்ற திறந்த தொட்டி. 1260இல் கட்டியது. சிலுவைப் போரிலிருந்து தொழுநோயோடு திரும்பிய சொல்தாக்களுக்காக (போர்வீரர்களுக்காக) என்பது வரலாறு. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படியில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். இந்த ஊர் ஊற்றுகளில் சூடு 77 டிகிரி வரை போகிறது, ஆகவே தண்ணீர் விழும் வாயை விட்டுத் தள்ளி உட்காருங்கள், குழந்தை காலை நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகு இறக்குங்கள். துண்டு கையோடு கொண்டு போங்கள். அழுகிய முட்டை வாசனை கந்தகத்துடையது, பத்து நிமிடத்தில் மூக்குக்குப் பழகிவிடும்.

முழுக்க முங்க வேண்டுமென்றால் 'பேன் தியு குலூப்ரே', கட்டணம் உண்டு. உள்ளேயும் வெளியேயும் குளங்கள். வெளிக்குளத்தில் தலைக்கு மேல் பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் இருக்கலாம். பிரெஞ்சுக் குளங்களின் வழக்கப்படி ஆண்களுக்கு ஒட்டிய நீச்சல் ஜட்டிதான். பெர்முடா, லுங்கி, விளையாட்டு ஷார்ட்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. பெண்களுக்கு நீச்சலுடை. கைகாலை மூடும் உடையோ சுடிதாரோ என்றால் முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் வாதாடிப் பயனில்லை. சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஸ்கீ முடித்த கையோடு ஓடிப்போய் முங்காதீர்கள். நாளெல்லாம் குளிரில் தாகம் தெரியாமல் உடம்பு வற்றியிருக்கும், சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து எழும்போது கண் இருட்டும். அரை லிட்டர் தண்ணீர் குடித்து, ஏதாவது தின்று, அரைமணி கழித்து இறங்குங்கள். ஒரு தடவைக்கு 15 நிமிடம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அந்தத் தெருத் தொட்டியில் காலை வைக்கவே வேண்டாம், சுடுவது தெரியாது. முழங்கால் பிசகி வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் வெந்நீர் வீக்கத்தைக் கூட்டும், ஐஸ்தான் சரி.

கொலுசு, மெட்டி, அரைஞாண், வெள்ளிச் சங்கிலி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். கந்தகத் தண்ணீர் பட்ட வெள்ளி சிறிது நேரத்திலேயே பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். மறந்து போட்டுக்கொண்டு இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், அது மேல்பூச்சுதான். ஊருக்கு வந்து கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் தூவிக் கொதிநீரை ஊற்றுங்கள். சில நிமிடத்தில் கறுப்பு தாளுக்குப் போய்விடும். கல் பதித்ததையும் முத்து கோத்ததையும் இதில் போடாதீர்கள், பத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.